மைனஸ் பதினெட்டு

மே 11

இன்ஜின் ரூம் லாக் புத்தகத்தில் வெப்பநிலை, அழுத்தம், ஓடிய நேரம் இவ்வளவுதான் எழுதலாம். மற்றதை எழுத இந்த டைரி. கிளம்பும்போது அக்கா கொடுத்தது. அத்தான் கடையின் விளம்பர டைரி. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் "வீட்டு உபயோகப் பொருட்களுக்கு ஏரலில் ஒரே இடம்" என்று அச்சடித்திருக்கிறது. இத்தனை நாள் காலியாகக் கிடந்தது. டைரி எழுதுகிற ஆள் இல்லை நான். ஆனால் பேச ஆள் குறைந்துவிட்டது.

நிலவரம் இது. கப்பலின் பெயர் செலீன் டூ. வளைகுடாவில் ஒரு துறைமுகத்துக்கு வெளியே நங்கூரத்தில் நிற்கிறது. கப்பல் கம்பெனி திவால். கடன் கொடுத்தவர்கள் கோர்ட்டுக்குப் போய்க் கப்பலைப் பிடித்து வைத்துவிட்டார்கள். வழக்கு முடிகிறவரை கப்பல் நகரக் கூடாது. ஆள் இல்லாமல் நிற்கவும் கூடாது. குறைந்தது இத்தனை பேர் இருந்தாக வேண்டும் என்று விதி. அந்த விதிக்குத் தேவையான ஏழு பேரை வைத்துக்கொண்டு மற்றவர்களை ஜனவரியிலேயே இறக்கிவிட்டார்கள். எனக்கு மேலே இருந்த மூன்று இன்ஜினியர்களும் போயாயிற்று. நிற்கிற கப்பலுக்கு நாலாவது இன்ஜினியர் போதும் என்று கோர்ட் ஒப்புக்கொண்டது. நாலாவது நான். எனக்குப் பதிலாக ஒருவன் ஏறினால் நான் இறங்கலாம். இந்தக் கப்பலில் எவன் ஏறுவான்?

கப்பலில் கண்டெய்னர்கள் அப்படியே அடுக்கி இருக்கின்றன. ஏர் ஃப்ரையர், டிராலி பெட்டி, பீங்கான் தட்டு, பிள்ளைகள் சைக்கிள், சீரியல் விளக்கு. யார் யார் வீட்டுக்கோ போகவேண்டியது.

ஜெனரேட்டர் மூன்று. மூன்றாவது எப்போதோ செத்தது. முதலாவதுக்கு சிலிண்டர் ஹெட் விரிசல். ஓடுவது நம்பர் டூ மட்டும். எமர்ஜென்சி ஜெனரேட்டரின் ரேடியேட்டர் சல்லடை. ஆக, நம்பர் டூ நின்றால் கப்பல் இருட்டு. அதனால் நம்பர் ஒன்னிலிருந்து, வோல்டேஜை ஒழுங்குபடுத்துகிற எலக்ட்ரானிக் அட்டையைக் கழற்றி, பழைய பனியனில் சுற்றி, என் அலமாரியில் சட்டைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். உள்ளங்கை அகலம்தான். நம்பர் டூவில் இருக்கிற அட்டை எரிந்தால் இன்ஜின் சும்மா சுற்றும், கரண்ட் வராது. இருக்கிற ஒரே உதிரி அது. இன்ஜின் ரூம் ஸ்டோரில் வைத்தால் ஈரம் ஏறிவிடும்.

மே 13

காலையில் ஒரே ஒரு ஈமெயில். சரக்குக்காரர்களிடமிருந்து. கூலிங் கண்டெய்னர்களின் வெப்பநிலையை அனுப்பச் சொல்லி. அதில் நான்கு நிறைய உறைந்த உருளைக்கிழங்குத் துண்டுகள், எண்ணெயில் போட்டால் போதும் என்கிற வகை. மைனஸ் பதினெட்டில் இருக்கவேண்டும். இருக்கிறது. தினமும் இரண்டு தடவை ஏணி ஏறிப் பார்த்து எழுதுகிறேன்.

எங்களைப் பற்றி ஒரு வரி இல்லை.

சமையற்காரர் நைனா முகமது கேட்டார்: "என்ன தம்பி, உருளைக்கெழங்குக்கு ஒடம்பு எப்புடி இருக்கு? காய்ச்சல் கீய்ச்சல் இல்லையே?"

"மைனஸ் பதினெட்டு பாய்."

"நல்லா இருக்கட்டும். புள்ளைய பத்தரமா பாத்துக்க."

கீழக்கரைக்காரர். ஐம்பத்தைந்து இருக்கும். கப்பலில் என்னிடம் தமிழ் பேச அவர் ஒருவர்தான். கேரம் ஆடும்போது ஸ்ட்ரைக்கரை முழங்கையால் நகர்த்துவார். கேட்டால் "கப்பல் ஆடுது" என்பார். நங்கூரத்தில், அலையே இல்லாத நாளில்.

மே 19

பாய்க்குச் சர்க்கரை. இன்சுலின் பேனாக்கள் கிச்சன் ஃபிரிட்ஜில், முட்டைத் தட்டுக்குப் பக்கத்தில். காலையிலும் சாயந்தரமும் வயிற்றில் குத்திக்கொள்வார். இரத்தத்தில் சர்க்கரை அளந்து பார்க்கும் பட்டை மார்ச்சிலேயே தீர்ந்துவிட்டது. "அளக்காம எப்படி பாய் டோஸ் போடுறீங்க?" என்றால், "நாக்கு வறண்டா ரெண்டு கூட்டு, கிறுகிறுன்னு வந்தா ரெண்டு கொற" என்கிறார். எனக்கு எரிச்சல். கேஜ் இல்லாமல் பாய்லர் ஓட்டுவது மாதிரி. அவரிடம் சொன்னேன். "நாந்தான் பாய்லரு" என்றார்.

தின்பதற்கு அரிசியும் பருப்பும்தான் வருகிறது. சர்க்கரைக்காரன் மூன்று வேளையும் சோறு.

இன்றைக்கு அவர் வேறு உலகத்தில் இருந்தார். மகள் ருக்கையாவுக்கு ஒரு தையல் மெஷின் ஆன்லைனில் சொல்லியிருக்கிறார். மேசையில் வைத்துத் தைக்கிற சின்ன மெஷின். ஊரில் அவர் தம்பி பணம் கட்டியிருக்கிறார். மேல்தட்டில் சிக்னல் கிடைக்கிற மூலையில் ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பார்சல் எங்கே வருகிறது என்று பார்த்தபடியே நின்றார்.

"சென்னைய விட்டு கெளம்பிருச்சு தம்பி! மதுரை வந்துருச்சு!"

"சீனாவுல செஞ்சது பாய். இந்தக் கடல் வழியாத்தான் அதுவும் போயிருக்கும்."

"நம்மள கடந்தா போச்சு?"

"பக்கத்துல."

"ஒரு சலாம் சொல்லிட்டுப் போயிருக்கலாம்."

மே 21

மெஷின் கீழக்கரை போய்ச் சேர்ந்தது. மகள் கையெழுத்துப் போட்டு வாங்கிய படம் வந்திருக்கிறது. எனக்கு நான்கு தடவை காட்டினார். நல்ல மெஷின்தான். பெடல் வயர் கொஞ்சம் மட்டம்.

மே 26

துறைமுகத்திலிருந்து இன்ஸ்பெக்டர் வந்தார். கூடவே எங்கள் ஏஜென்ட் அனூப், திருச்சூர்க்காரன். தண்ணீர், டீசல், அரிசி எல்லாம் கோர்ட் சொல்லி இவன் படகில்தான் வரும்.

இன்ஸ்பெக்டர் இன்ஜின் ரூமைச் சுற்றிப் பார்த்தார். தரையில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. இந்த நிலைமையில் இருக்கிற கப்பலில் இப்படி ஒரு ஜெனரேட்டரைத் தான் பார்த்ததே இல்லை என்று ஆங்கிலத்தில் சொல்லி என் கையைக் குலுக்கினார். "எல்லாம் ஒழுங்காக உள்ளது" என்று எழுதினார்.

உண்மையைச் சொன்னால் சந்தோஷமாகத்தான் இருந்தது. பாய் கிச்சனில் எனக்கு மட்டும் ஒரு முட்டை வறுத்துத் தந்தார்.

ஜூன் 2

அக்கா கூப்பிட்டாள். வீட்டில் நான் ஒன்றும் சொல்லவில்லை. வேலை அதிகம், காண்ட்ராக்ட் நீட்டித்துவிட்டார்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

"ஏலே துரை, சாப்ட்டியா? கறி மீனெல்லாம் போடுதானுவளா?"

"போடுதாவ."

"அத்தானுக்கு ஏக டென்சனு. ஏர் ஃப்ரையருன்னு ஒண்ணு, கல்யாண சீருக்கு எல்லாரும் அததான் கேக்காவ. அட்வான்சு வாங்கி வச்சாச்சு. சரக்கு வரல. கப்பலு ஒண்ணு எங்கியோ மாட்டிக்கிட்டு கெடக்காம். ஏசன்சிக்காரன போட்டு ஏசிட்டு கெடக்காவ. ஒனக்குத் தெரியுமால, எந்தக் கப்பலுன்னு?"

"கடல்ல ஆயிரம் கப்பல் இருக்கு. எனக்கெப்படித் தெரியும்?"

"கோவப்படாதடா. சும்மா கேட்டேன்."

ஃபோனை வைத்த இடத்திலிருந்து பார்த்தால் தூத்துக்குடிக்குப் போகவேண்டிய கண்டெய்னர் வரிசை தெரியும். நீலம், கீழிருந்து மூன்றாம் அடுக்கு. நேரே பார்த்துக்கொண்டுதான் பேசினேன்.

ஜூன் 9

கஞ்சி வடிக்கும்போது பாய் காலில் கொட்டிவிட்டது. கொட்டியது அவருக்கே தெரியவில்லை. நான் டீ குடிக்கப் போனபோது தரையெல்லாம் கஞ்சி, செருப்புக்குள்ளே கஞ்சி, அவர் நின்று கரண்டி கழுவிக்கொண்டிருக்கிறார். செருப்பைக் கழற்றினால் பாதத்துத் தோல் அதோடு வந்தது.

"சுடலையா பாய்?"

காலைப் பார்த்தார். யாருடைய காலையோ பார்ப்பது மாதிரி. "தெரியலையே தம்பி."

சென்சார் போய்விட்ட மெஷின். எச்சரிக்கை வராது. 

ஜூன் 15

புண் ஆறவில்லை. கேப்டன் தேஷ்முக் படம் எடுத்து அனுப்பினார். கரையிலிருந்து டாக்டர் பதில்: கழுவுங்கள், மாத்திரை கொடுங்கள், காலைத் தூக்கி வையுங்கள். மாத்திரை அனூப் கொண்டுவந்தான்.

படகிலிருந்து ஏறியவனை நேரே பிடித்தேன். "ஆளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க."

"சாரே, ஞான் கொண்டுபோக ரெடி. இறங்கணும்னா இமிக்ரேசன் பேப்பர் வேணும். பேப்பருக்கு முதலாளி கேரண்டி வேணும். முதலாளி எவிடே?"

"உயிருக்கு ஆபத்துன்னா?"

"அப்போ பேப்பர் வேண்டாம். எமர்ஜென்சி. பட்சே டாக்டர் எமர்ஜென்சின்னு எழுதலையே." நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "நீங்க நல்லா நோக்குங்க. இந்தக் கப்பல்ல கரண்ட் உண்டு, குடிக்க வெள்ளம் உண்டு, ஏசி உண்டு, சோறு உண்டு. வழக்குல நிக்கிற கப்பல், அவ்வளவுதான். இங்க ஒரு வருசம் முந்தி ஒரு கப்பல் கரண்ட் போய் இருட்டுல நின்னது. டெட் ஷிப். மத்த கப்பல் வந்து இடிக்கும்னு போர்ட் பயந்துபோய் டக் போட் அனுப்பி இழுத்து, ஆளை எல்லாம் இறக்கிட்டான். உங்க கப்பல் அப்படியல்லல்லோ. உங்க ஜெனரேட்டர் அத்தனை நல்லா ஓடுது."

பாராட்டாகத்தான் சொன்னான்.

ஜூன் 16

நம்பர் டூ நன்றாக ஓடுகிறது.

ஜூன் 18

கட்டைவிரலும் அடுத்த விரலும் கறுத்துவிட்டன. வாடை வருகிறது. பாய் கிச்சனுக்கு வருவதை நிறுத்தவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்குகிறார். "வெங்காய வாடைல இது தெரியாது தம்பி" என்கிறார். இன்ஜின் ரூமில் என் உதவியாள், மோட்டார்மேன் தபஸ், சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்ச் சாப்பிடுகிறான். அவனைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். பிறகு நானும் வெளியே போய்த்தான் சாப்பிட்டேன்.

கேப்டன் மறுபடி எழுதினார். மறுபடி அதே டாக்டர், அதே பதில்.

ஃபிரிட்ஜ் நான்கு டிகிரி. பேனாக்கள் ஜூலை கடைசிவரை வரும். அதிகாரிகள் மெஸ்ஸில் பெரிய ஸ்டீல் ஃப்ளாஸ்க் இரண்டு சும்மா கிடந்தது. கழுவிக் காயவைத்தேன். ஃப்ரீசரில் ஐஸ் நிறையப் போட்டு வைத்தேன். ஒரு முன்னெச்சரிக்கைதான்.

ஜூன் 21

காலையில் நம்பர் டூவின் வோல்டேஜ் போய்விட்டது. இன்ஜின் சுற்றுகிறது, கரண்ட் இல்லை. அட்டை எரிந்துவிட்டது. உதிரி இல்லை.

கேப்டன் டார்ச்சோடு இறங்கி வந்தார். "சரிசெய்ய முடியாதா?"

"முடியாது சார். புது அட்டை வரவேண்டும்."

"நம்பர் ஒன்னில் ஒன்று இருக்குமே."

"அது முன்னமே போய்விட்டது."

டார்ச்சை என் முகத்தில் அடிக்கவில்லை. தரையில்தான் அடித்தார். பிறகு ரேடியோவில் துறைமுகத்துக்குச் சொல்லப் போனார்: கப்பல் முழுக்க இருட்டு, பம்ப் இல்லை, நங்கூர விளக்கு இல்லை. சரியான வார்த்தைகள். நானே சொல்லியிருந்தால்கூட இவ்வளவு சரியாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

பேனாக்களை ஐஸோடு ஃப்ளாஸ்க்கில் வைத்தேன். பாய் கேட்டார், "என்னடா, ஒம் மெஷினே லீவு போட்டுருச்சு?"

"ரெண்டு நாள் பாய். வந்து இழுத்துட்டுப் போவாங்க. நேரே ஆஸ்பத்திரி."

"யாரு சொன்னா?"

"விதி அப்படி."

"விதியா?" சிரித்தார். "ஏழு பேரு இருக்கணும்ன அதே விதியா?"

ஜூன் 22

ஏசி இல்லை. இரும்புச் சுவர் கை வைக்க முடியாது. எல்லோரும் மேல்தட்டில் தார்ப்பாய்க்கு அடியில் படுத்திருக்கிறோம். ஃப்ரீசர் ஐஸ் உருகிவிட்டது.

ஃப்ளாஸ்க்: காலை ஒன்பது டிகிரி. மதியம் பதினாறு.

கூலிங் கண்டெய்னர்களிலும் ஏறுகிறது. மைனஸ் பதினொன்று. உருளைக்கிழங்குக்காரர்களுக்கு எழுதிவிட்டேன்.

ஜூன் 23

வந்துவிட்டார்கள்!

விடிந்ததும் இழுக்கிற டக் படகு ஒன்று, மிதக்கிற கிரேன் ஒன்று, பெரிய ஜெனரேட்டர் ஏற்றிய படகு ஒன்று. தபஸ் கை தட்டினான். கேப்டன் தொப்பி போட்டுக்கொண்டார். பாய்க்கு நான் சுத்தமான சட்டை மாட்டிவிட்டேன், கால் கட்டைப் புதிதாகக் கட்டினேன். தலைக்குத் தொப்பி கேட்டார், அதையும் தேடிக் கொடுத்தேன். ஒரு பையில் அவர் சாமான், மகள் படம் இருக்கிற ஃபோன், சார்ஜர். ஏணிப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன்.

வந்தவர்கள் நேரே கூலிங் கண்டெய்னர்களுக்குப் போய் வயரைச் சொருகினார்கள்.

அனூப் கையில் பேப்பர் கட்டு. சரக்குக்காரர்களின் வக்கீல் நேற்றே கோர்ட்டில் வாங்கிவிட்டாராம். கப்பலில் கரண்ட் இல்லை, சரக்கு கெடும், அதனால் கண்டெய்னர்களை வேறு கப்பலுக்கு மாற்ற உத்தரவு. விடுமுறை நாளில் கோர்ட் கூடியிருக்கிறது.

"ஆளுங்களுக்கு?"

"அது வேற வழக்கு சாரே."

"டெட் ஷிப்னு நீதானே சொன்னே? இழுத்துட்டுப் போவான்னு சொன்னியே!"

"இழுக்கணும்னு போர்ட் ஆலோசிக்குது. பட்சே சரக்கு போனதும் கப்பல் லேசாயிடும், ஆபத்தும் குறையும்..." என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "நீங்க எதுக்கு என் சட்டையைப் பிடிக்கிறீங்க? ஞான் உண்டாக்கிய சட்டமா?"

பாய் நாற்காலியிலிருந்து கூப்பிட்டார். "விடுடா தம்பி. சட்ட கிழிஞ்சா தைக்க எம்மக கீழக்கரையில இருக்கா."

ஃப்ளாஸ்க்: இருபத்து நான்கு. மருந்தோடு வந்த தாளில் முப்பதுவரை தாங்கும் என்று போட்டிருக்கிறது. கொண்டுவந்த ஜெனரேட்டரில் ஒரு ஃபிரிட்ஜுக்கு வயர் கேட்டேன். கண்டெய்னருக்கு மட்டும்தான் உத்தரவு என்றார்கள். அவர்கள் ஐஸ் பெட்டியிலிருந்து தண்ணீர் பாட்டில் இரண்டு தந்தார்கள். அதை ஃப்ளாஸ்க்கில் ஊற்றினேன்.

ஜூன் 25

கண்டெய்னர்கள் போய்க்கொண்டே இருக்கின்றன. உருளைக்கிழங்கு முதலில். பிறகு மற்றவை. கிரேன் தூக்கும், ஆடாமல் திரும்பும், பக்கத்துக் கப்பலில் இறக்கும். அழகான வேலை, ஒன்றையும் இடிக்கவில்லை. நீல வரிசையும் போயிற்று. அத்தான் கடைக்கு.

பாயும் நானும் பார்த்துக்கொண்டிருந்தோம். நாற்காலியை அவர் ஏணிப் பக்கத்திலிருந்து நகர்த்தவிடவில்லை.

"அந்தப் பொட்டிக்குள்ள ஒருத்தன ஒளிச்சு வச்சா போயிருமா?" என்றார்.

"மூச்சு முட்டும் பாய்."

"இங்க மட்டும்?"

கிளம்பும்போது நங்கூர விளக்குக்கு என்று சின்ன ஜெனரேட்டர் ஒன்றை மேல்தட்டில் வைத்துவிட்டுப் போனார்கள். நான்கு பல்பு எரியும். அதற்கு மேல் எதுவும் இழுக்காது. ஃபிரிட்ஜைச் சொருகிப் பார்த்தேன், ஜெனரேட்டர் திணறி நின்றுவிட்டது. விளக்கு எரிகிற கப்பலுக்கு இனி அவசரம் இல்லை. இழுப்பதைப் பற்றி அடுத்த வாரம் பேசுவார்களாம்.

கேப்டன் என்னிடம் வந்து, நாலாவது இன்ஜினியரை இந்தியில் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டு, மெதுவாகச் சொன்னார். "சார் சாப், ஒருவேளை அட்டை எங்காவது இருந்தால்... இன்னொரு தடவை தேடிப் பாருங்கள்."

தேடிப் பார்த்தேன் என்றேன். இப்போது கரண்ட் வந்துவிட்டால் அவ்வளவுதான். "எல்லாம் ஒழுங்காக உள்ளது" என்று இன்ஸ்பெக்டர் மறுபடி எழுதிவிட்டுப் போவான். இன்னும் இரண்டு நாள் பொறுத்தால் இழுத்தாகவேண்டும். எப்படியும் அட்டை எரிந்துவிட்டது. அதனால் பேச்சுக்கே இடமில்லை.

ஃப்ளாஸ்க்: முப்பத்து மூன்று. அதைத் திறந்து திறந்து பார்ப்பதாலும் ஏறும்.

ஜூன் 27

பாய் ஓயாமல் தண்ணீர் கேட்கிறார். குடித்ததை வாந்தி எடுக்கிறார். மூச்சு வேகமாக, ஆழமாக. வாயில் அழுகின பழ வாடை. ஊசி போட்டேன். கேட்கவில்லை. இன்னும் இரண்டு கூட்டிப் போட்டேன். கேட்கவில்லை. ஊசி மருந்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், தெளிவாக இருக்கவேண்டியது கலங்கலாக இருந்தது. என் கண்ணுக்கு அப்படித் தெரிந்திருக்கலாம். வெயில்.

கேப்டன் ரேடியோவில் கத்தினார். இந்த முறை எமர்ஜென்சி என்று ஒப்புக்கொண்டார்கள். படகு காலையில்.

பாய் என் கையைப் பிடித்துக்கொண்டு எதையோ சொன்னார். குனிந்து கேட்டேன். "மதுர வந்துருச்சா?"

"வந்துருச்சு பாய்" என்றேன்.

ஜூன் 28

படகு வருவதற்கு முன்னாலேயே முடிந்துவிட்டது.

படகில் வந்த டாக்டர் பார்த்துவிட்டு "இயற்கை மரணம்" என்று எழுதினார். காலிலிருந்து இரத்தத்தில் விஷம் ஏறியிருக்கும் என்று நான் சொன்னேன். இருக்கலாம் என்றார். இருக்கலாம் என்றுதான் சொன்னார், இல்லை என்று சொல்லவில்லை. ஃப்ளாஸ்க்கைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

உடலை இன்றைக்கு எடுக்க முடியாது. போலீஸ் பேப்பர், தூதரகப் பேப்பர் வரவேண்டும். அதுவரை கப்பலிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். வெளியே நாற்பத்தைந்து டிகிரி.

கேப்டன், தபஸ், நான், மேல்தட்டு வேலையாட்கள் மூன்று பேர், சுற்றி நின்றோம். கீழே இறைச்சி அறை காலியாகக் கிடக்கிறது. மைனஸ் பதினெட்டுக்குப் போகக்கூடியது. கரண்ட் இருந்தால்.

யாரும் என்னைப் பார்க்கவில்லை. கேப்டன் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் கேபினுக்குப் போனேன். சட்டைகளை எடுத்துக் கட்டில்மேல் வைத்தேன். பனியனைப் பிரித்தேன். இறங்கிப் போய் நான்கு ஸ்க்ரூ, ஆறு வயர். நம்பர் டூ முதல் ஸ்டார்ட்டிலேயே பிடித்தது. வோல்டேஜ் நேரே நானூற்று நாற்பது, ஊசி ஆடவேயில்லை.

மேலே விளக்குகள் எரிந்தன. ஏசி மூச்சுவிட ஆரம்பித்தது. கிச்சன் ஃபிரிட்ஜும் ஓடத் தொடங்கியது, உள்ளே முட்டைத் தட்டு மட்டும்.

"எங்கே கிடைத்தது?" என்று கேப்டன் கேட்டார்.

"தேடினேன். கிடைத்தது."

தலையை ஆட்டினார். லாக் புத்தகத்தில் "ஜெனரேட்டர் சரிசெய்யப்பட்டது" என்று அவரே எழுதினார். காரணம் என்கிற கட்டத்தைக் காலியாக விட்டார்.

எல்லோரும் சேர்ந்து தூக்கிக்கொண்டு இறங்கினோம். கனம் இல்லை. சாயந்தரம் போய் அறையின் வெப்பநிலையைப் பார்த்தேன். மைனஸ் பதினெட்டு. பழக்கதோஷத்தில் எழுதிவைத்தேன்.

ஜூலை 2

அனூப் வந்தான். எல்லாப் பேப்பரும் கையில். பெட்டி, முத்திரை, விமானக் கம்பெனியின் சரக்குச் சீட்டு. அனுப்புபவர், பெறுபவர், எடை, சரக்கின் விவரம்: மனித உடல். கேரண்டி வேண்டாம். இமிக்ரேசன் வேண்டாம்.

"எப்படி இவ்வளவு சீக்கிரம்?" என்றேன்.

"இது கார்கோதானே சாரே. கார்கோவுக்கு வழி உண்டு." சொன்ன பிறகு அவனுக்கே கேட்டிருக்கவேண்டும். வாயைத் துடைத்துக்கொண்டான். இந்த முறை அவன் சட்டையை நான் பிடிக்கவில்லை.

ஏணியில் இறக்க முடியாது. எங்கள் ப்ரொவிஷன் கிரேனில்தான் இறக்கவேண்டும், அரிசி மூட்டை ஏற்றுகிற கிரேன். அதற்குக் கரண்ட் நம்பர் டூ. லீவரை நானே பிடித்தேன். ஆடாமல், இடிக்காமல், படகின் நடுவில் இறக்கினேன். பின்னால் அவர் நாற்காலி இன்னும் ஏணிப் பக்கத்திலேயே கிடந்தது.

சீட்டின் நம்பரை அனூப் என் ஃபோனில் போட்டுக் கொடுத்தான். "எங்க போகுதுன்னு பார்க்கலாம்."

ஜூலை 4

மேல்தட்டு மூலை. சிக்னல் ஒரு கோடு.

புறப்பட்டது. சென்னை வந்து சேர்ந்தது. மதுரைக்கு அனுப்பப்பட்டது.

ஜூலை 5

அக்கா செய்தி அனுப்பியிருக்கிறாள். கடை வாசலில் ஏர் ஃப்ரையர் அட்டைப்பெட்டிகள் அடுக்கிய படம், முன்னால் அத்தான் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். "ஸ்டாக் வந்துட்டுடா! ஒரு கீறல் இல்ல! ஒனக்கு ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன், ஒங் கல்யாணத்துக்கு. நீ எப்போ வார?"

ஒரு அட்டைப்பெட்டியின் மூலையில் கப்பல் பெயர் ஒட்டியிருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தேன். செலீன் டூ இல்லை. மாற்றி ஏற்றிய கப்பலின் பெயர்.

"வேலை அதிகம்" என்று பதில் போட்டேன்.

ஜூலை 6

ஒப்படைக்கப்பட்டது. பெற்றுக்கொண்டவர்: மு. ரபீக், சகோதரர்.

மதியம் இன்ஸ்பெக்டர் வந்தார், அதே ஆள். இன்ஜின் ரூமைச் சுற்றிப் பார்த்தார். கைகுலுக்க வந்தார். என் கையில் எண்ணெய் என்றேன்.

எல்லாம் ஒழுங்காக உள்ளது என்று எழுதினார்.

நம்பர் டூ நன்றாக ஓடுகிறது. உதிரி அட்டை இல்லை.